டிஸ்க் ஆபரேஷன் தோற்றுப்போச்சு என்றால், எது தோற்றது?

1934 ஆகஸ்ட் 21 அன்று எங்க ஊர் அணை திறக்கப்பட்டது. அதே மாதம் 2ஆம் தேதி, பாஸ்டனில் இருந்து வரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பல நேரம் காரணம், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் நரம்புக்கு விடுதலை. இதுதான் அதன் சாரம். ஆக மேட்டூர் அணையும் இன்றைய டிஸ்க் ஆபரேஷனும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

இந்தத் தொண்ணூறு வருஷத்தில் அந்த ஆபரேஷன் நன்றாகவே மெருகேறிவிட்டது. சரியான ஆளுக்கு, சரியான காரணத்துக்குச் செய்தால் கால் வலி வேகமாகக் குறைகிறது. அதில் சண்டை போட எதுவும் இல்லை. இந்தக் குறிப்பு மற்றவர்களைப் பற்றியது. ஆபரேஷன் பண்ணியும் வலி போகாதவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள், "அடுத்து பிளேட்டு வெச்சுடலாம்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருபவர்கள்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் இந்த விஷயத்தில் வந்திருக்கும் முக்கியமான ஆய்வுகளைச் சில மாதங்களாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது: பதில்கள் தப்பாக இருப்பதைவிட, கேள்வியே தப்பாகக் கேட்கப்படுகிறது.

பெயரிலேயே கோளாறு

ஆங்கில மருத்துவத்தில் இதற்குப் பல வருஷமாக ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் "தோற்ற முதுகு ஆபரேஷன் நோய்த்தொகுப்பு". ரிப்போர்ட்டில் இதை நான்கு எழுத்தாகச் சுருக்கி எழுதிவிடுவார்கள். பார்த்தால் ஒரு நோயின் பெயர் மாதிரி இருக்கும். நோய் இல்லை. "ஆபரேஷன் நடந்தது, இன்னும் வலிக்கிறது" என்பதற்கு மேல் அந்தப் பெயருக்குள் எந்தத் தகவலும் கிடையாது.

எங்கள் வேலையில் ஒரு கஸ்டமர் போன் பண்ணி "சிஸ்டம் ஒர்க் ஆகலை" என்பார். அது புகார். அதையே காரணம் என்று டிக்கெட்டில் எழுதி மூடினால் டீம் லீடர் சும்மா விடமாட்டார். இங்கே அதுதான் நடக்கிறது. புகாரையே காரணமாக எழுதிவிட்டு, அந்தக் "காரணத்துக்கு" சிகிச்சை தேடுகிறார்கள்.

இந்தக் குறையை மருத்துவ உலகம் கவனிக்காமல் இல்லை. 2021இல் வலி நிபுணர்கள் குழு ஒன்று புதுப் பெயர் முன்வைத்தது: "நீடித்த முதுகுத்தண்டு வலி, வகை 2". ஆபரேஷன் ஆகாதவர்களுக்கு வகை 1, ஆனவர்களுக்கு வகை 2. "தோற்ற" என்ற வார்த்தை போனது நல்லது. அந்த வார்த்தை ஒரு பக்கம் சர்ஜனைக் குத்துகிறது, இன்னொரு பக்கம் நோயாளியை "நான் தோத்துப்போன கேஸு" என்று நினைக்க வைக்கிறது. ஆனால் பழைய பெயரின் பெரிய குறை புதுப் பெயரிலும் அப்படியே இருக்கிறது. ஏன் வலிக்கிறது என்பதை இதுவும் சொல்லவில்லை.

ஒரே பெயருக்குள் பல கதைகள்

அந்தப் பெயருக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. எந்தக் கதை என்று பிரிக்க முதல் தடயம், ஸ்கேனுக்கும் முன்னால், தேதிதான். வலி எப்போது போனது, எப்போது வந்தது?

முதல் கதை: ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே கால் வலி துளியும் குறையவில்லை. அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது, வலிக்குக் காரணம் அந்த டிஸ்க்தானா என்பது. இடுப்பு மூட்டிலிருந்து வந்த வலியாக இருக்கலாம். பக்கத்து மட்டத்தில் இருந்த அழுத்தம் விட்டுப்போயிருக்கலாம். துண்டு ஒன்று உள்ளேயே தங்கியிருக்கலாம். நரம்பு ஏற்கெனவே ரொம்ப நாள் நசுங்கி அடிபட்டும் இருக்கலாம்.

இரண்டாவது: வலி சுத்தமாகப் போனது, சில மாதமோ சில வருஷமோ நிம்மதி, பிறகு ஒரு நாள் குனியும்போதோ தும்மும்போதோ அதே கால், அதே கோடு. அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் ஆனவர்களில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இது நடப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆபரேஷன் சரியாக நடந்திருந்தாலும் இது வரும்.

மூன்றாவது: கால் வலி போய்விட்டது, ஆனால் இடுப்பு வலி இருக்கிறது, உட்கார முடியவில்லை. இது ரொம்பப் பேருடைய கதை.

நான்காவது: ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில், படுத்தாலும் நிற்காத கடும் முதுகு வலி, காய்ச்சல். டிஸ்க் இடத்தில் கிருமித் தொற்றா என்று உடனே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்க வேண்டிய கேஸ் இது.

ஐந்தாவது: காரணம் என்று காட்ட எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் கால் எரிகிறது, மரத்துப்போகிறது, துணி பட்டாலே கூசுகிறது. அடிபட்ட நரம்பே வலி சிக்னலை அனுப்பிக்கொண்டிருக்கும் நிலை.

இந்த ஐந்து பேருக்கும் ஒரே பெயர் போட்டு, "இவர்களுக்கு எந்தச் சிகிச்சை நல்லது?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? சராசரி வரும். யாருக்கும் பொருந்தாத சராசரி.

மூன்றாவது கதைக்கு நம்ம பக்கத்திலேயே ஒரு முக்கியமான தடயம் கிடைத்தது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு. அந்தத் துறையின் சர்வதேசப் பரிசும் வாங்கியது. 181 பேரின் டிஸ்க் பிதுக்கத்தை ஸ்கேனிலும் ஆபரேஷனிலும் நேரடியாகப் பார்த்து, எங்கே உடைந்தது என்று தேடினார்கள். டிஸ்க்கின் வெளி வளையம் கிழிந்துதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்பதே பாடப்புத்தகப் படம். இவர்கள் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு உடைவு இருந்தது, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் தகட்டின் சந்திப்பில்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஆபரேஷனில் எடுப்பது வெளியே வந்த துண்டை. நரம்பு விடுபடுகிறது, கால் வலி போகிறது. ஆனால் துண்டு பெயர்ந்து வந்த இடம் பெயர்ந்த இடமாகவே இருக்கிறது. டிஸ்க்கைப் புதுசாக்கும் ஆபரேஷன் இல்லை இது. இடுப்பு வலி மிச்சமிருந்தால் "ஆபரேஷன் தோற்றது" என்று சொல்வதைவிட, "அந்த ஆபரேஷன் அந்த வேலைக்கானது இல்லை" என்பதே சரியாக இருக்கும். முதல் ஆபரேஷனுக்கு முன்னாலேயே இதை நிதானமாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் ஏமாற்றம் பாதியாகியிருக்கும்.

எம்ஆர்ஐ சொல்வதும் சொல்லாததும்

வலி திரும்பினால் அடுத்த நாளே எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்" என்று வந்தால், அதுதான் காரணம் என்று முடிவாகிவிடுகிறது.

நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. சிகிச்சை தொடங்கி ஒரு வருஷம் கழித்து எல்லாருக்கும் மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள். நன்றாகக் குணமானவர்களில் 35 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் அப்படியே தெரிந்தது. குணமாகாதவர்களில் 33 சதவீதம். அதாவது படத்தை மட்டும் பார்த்து யார் நலம், யார் வலியில் இருக்கிறார் என்று பிரிக்க முடியவில்லை.

எம்ஆர்ஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன இடத்தில் தழும்புத் திசுவா, புதிதாக வந்த டிஸ்க் துண்டா என்று பிரிக்க மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ உதவும். தழும்பு மருந்தை உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியும், டிஸ்க் துண்டு அப்படித் தெரியாது. ஆனால் படத்தில் தெரிகிற இடம், வலி ஓடுகிற கோடு, டாக்டர் தட்டியும் ஊசியால் தொட்டும் பார்த்துச் சொல்கிற நரம்பு, இந்த மூன்றும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். படம் மட்டும் காட்டினால் போதாது.

மூன்றும் பொருந்தி இரண்டாவது கதை என்று உறுதியானால் விஷயம் கொஞ்சம் எளிது. மறுபடி பிதுங்கிய துண்டை எடுக்கும் ஆபரேஷன் பலருக்கு முதல் தடவைக்கு நெருக்கமான பலன் தருகிறது. பழைய தழும்பு இருப்பதால் நரம்புறை கிழியும் ஆபத்து மட்டும் கூடுதல். "ரெண்டாவது ஆபரேஷனே கூடாது" என்று டீக்கடையில் சொல்வதும், "எல்லாத்துக்கும் பிளேட்டு" என்று ஓபி அறையில் சொல்வதும் ஒரே வகைத் தப்பு. இரண்டும் கதையைக் கேட்காமல் முடிவு சொல்கின்றன.

நார்வேயில் 60 பேர்

இப்போது நேராக நம் கேள்விக்கே வரும் ஆய்வு. நார்வேயில் புரோக்ஸ் என்ற டாக்டரும் குழுவும் செய்து, 2006இல் "பெயின்" இதழில் வெளியானது. டிஸ்க் ஆபரேஷன் ஆகி, அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இடுப்பு வலி உள்ள 60 பேர். நம்ம மூன்றாவது கதைக்காரர்கள். குலுக்கல் முறையில் 29 பேருக்கு ஃபியூஷன், அதாவது ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன். 31 பேருக்கு உடற்பயிற்சியும், முதுகைப் பற்றிய பயத்தைப் போக்கும் பாடமும்.

இயலாமையை அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி என்ற மதிப்பெண் உண்டு. பூஜ்யம் என்றால் தொந்தரவில்லை, 100 என்றால் படுத்த படுக்கை. ஒரு வருஷம் கழித்து ஃபியூஷன் செய்தவர்கள் 47இலிருந்து 38க்கு வந்தார்கள். பயிற்சிக்காரர்கள் 45இலிருந்து 32க்கு. "எனக்குப் பலன் கிடைத்தது" என்ற கணக்கில் ஃபியூஷன் 50 சதவீதம், பயிற்சி 48 சதவீதம். இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. இதே குழு, ஆபரேஷனே ஆகாத 64 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வையும் சேர்த்து நான்கு வருஷம் வரை பின்தொடர்ந்தது. அப்போதும் வித்தியாசம் இல்லை.

"பார்த்தீங்களா, ஃபியூஷன் வேஸ்ட்" என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். அதற்கு முன் ஆய்வின் குறைகளையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, 60 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்று இருந்தாலும் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். இரண்டு, யாருக்கு என்ன சிகிச்சை என்று எல்லாருக்கும் தெரியும், மறைக்க வழியில்லை. மூன்றாவதுதான் முக்கியம். எலும்பு நகர்ந்து ஆடுகிற கேஸ், நரம்பு நசுங்கிக் கால் பலவீனமாகிற கேஸ் இவர்களைப் பற்றி இந்த ஆய்வு பேசவில்லை. அந்தக் கேஸ்களில் இதைக் காட்டி ஆபரேஷனை மறுப்பது ஆபத்து.

இந்தக் குறைகளை எல்லாம் கழித்த பிறகும் ஒரு விஷயம் நிற்கிறது. இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் பலன். பலன் சமம் என்றால் முடிவை வேறு எதை வைத்து எடுப்பது? திரும்பி வர முடியுமா என்பதை வைத்துத்தான். பயிற்சி பலிக்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்தும் ஃபியூஷன் செய்யலாம். ஃபியூஷன் பலிக்கவில்லை என்றால் இணைந்த எலும்பைப் பழையபடி பிரித்துத் தர முடியாது. புரொடக்‌ஷன் சர்வரில் கைவைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். பழைய நிலைக்குத் திரும்ப வழி உள்ள மாற்றத்தை முதலில் செய்வோம்.

பயிற்சி என்றால் எந்தப் பயிற்சி?

இங்கேதான் அந்த ஆய்வு நம்ம ஊருக்கு வரும்போது இடிக்கிறது.

நார்வேயில் பயிற்சி என்றால், மூன்று வாரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆள் நின்று சொல்லிக்கொடுப்பது. முதலில் ஒரு நிபுணர் உட்கார வைத்துப் பேசுகிறார்: சாதாரணமாகக் குனிவதாலும் நடப்பதாலும் உன் டிஸ்க் கெட்டுப்போகாது, முதுகைப் பயன்படுத்து. இதுதான் அந்தப் பாடத்தின் மையம்.

நம்ம பக்கம் "பிசியோ பண்ணியும் சரியாகலை" என்றால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் பத்து நாள் கரன்ட் வைத்தது, இழுவை போட்டது, ஒரு ஜெராக்ஸ் பேப்பரில் ஆறு படம் கொடுத்தது. கூடவே "குனியாதே, வெயிட் தூக்காதே, தரையில உட்காராதே, பெல்ட்டைக் கழட்டாதே". நார்வேயில் கொடுத்த பாடத்துக்கு நேர் எதிரான பாடம். இதைச் செய்துவிட்டு "பயிற்சி தோற்றது, ஆகவே ஃபியூஷன்" என்பது சோதிக்காத ஒன்றைத் தோற்றதாக எழுதுவது.

நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்ததே என் சித்தப்பா மகனுக்காக. சங்ககிரியில் லாரி ஓட்டுகிறான். ரெண்டு வருஷம் முன்னால் டிஸ்க் ஆபரேஷன், கால் வலி போய்விட்டது, இடுப்பு வலி போகவில்லை. ஒரு மருத்துவமனையில் ஃபியூஷன் என்று சொல்லி மூன்றரை லட்சம் கணக்குக் கொடுத்தார்கள். "அண்ணா, இன்சூரன்ஸ்ல பாதி வரும், மீதிக்கு ரெண்டு குண்டு நிலத்தை வெச்சுடலாம்னு இருக்கேன். செஞ்சா மறுபடி லைனுக்குப் போயிடலாமா?" என்று கேட்டான். ஆபரேஷன் எப்படி என்றோ ஸ்க்ரூ எந்தக் கம்பெனி என்றோ அவன் கேட்கவில்லை. லைனுக்குப் போகலாமா என்பதுதான் அவன் கேள்வி. அதை அவனிடம் டாக்டர் யாரும் கேட்கவே இல்லை. நாள் முழுக்க அதிரும் சீட்டில் உட்கார்ந்து ஓட்டி, லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகிற ஆளுக்கும், ஏசி அறையில் நினைத்தபோது எழுந்து நடக்கிற எனக்கும் "பலன்" என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம் கிடையாது.

பணத்தின் அமைப்பும் முடிவைத் தள்ளுகிறது. பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால் பணம் தரும். மூன்று வாரம் தினமும் வந்துபோகும் பயிற்சிக்குத் தனியாகத் தராது. ஸ்க்ரூவுக்கு பில் இருக்கிறது, "குனிஞ்சா ஒண்ணும் ஆகாது" என்று ஒரு மணி நேரம் பேசுவதற்கு பில் கிடையாது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எதற்குக் காசு வருகிறதோ அதுதான் நடக்கும்.

கரன்ட் கருவி: இரண்டு ஆய்வு, இரண்டு பதில்

ஐந்தாவது கதைக்காரர்களுக்குப் பெரிய நகரங்களில் சொல்லப்படுவது ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி, தோலுக்கடியில் பேட்டரி. சிறு மின்சாரம் வலிச் சிக்னலை மங்கவைக்கும் என்பது கருத்து. இந்தியாவில் பல லட்ச ரூபாய் சமாச்சாரம்.

2005இல் அமெரிக்காவில் நார்த் என்ற டாக்டரின் ஆய்வு: மறு ஆபரேஷனா, இந்தக் கருவியா? கருவி வைத்த 19 பேரில் 9 பேருக்குப் பலன். மறு ஆபரேஷன் செய்த 26 பேரில் 3 பேருக்கு. 2007இல் பல நாடுகளில் 100 பேரை வைத்து இன்னொன்று, கருவி தயாரிக்கும் மெட்ரானிக் நிறுவனத்தின் பண உதவியோடு. ஆறு மாதத்தில் கால் வலி பாதிக்குப் பாதி குறைந்தவர்கள், கருவியோடு 48 சதவீதம், வழக்கமான மருந்தோடு 9 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் 32 சதவீதம் பேருக்குக் கருவி சம்பந்தமான ஏதோ ஒரு சிக்கலும் வந்தது.

எண்கள் அசத்துகின்றன. ஆனால் இரண்டிலும் ஒரு ஓட்டை. கருவி வைத்தவர்களுக்குக் கருவி வைத்தது தெரியும். ஏற்கெனவே பலிக்காத மருந்தையே தொடர்ந்தவர்களுக்கும் அது தெரியும். நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, மின்சாரத்தின் பங்கு எவ்வளவு?

2022இல் நார்வேயில் ஹாரா என்பவரின் குழு அதைப் பிரித்துப் பார்த்தது. முதுகு ஆபரேஷனுக்குப் பின் கால் வலி நீடித்த 50 பேர். முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, குறைந்தவர்களுக்கு மட்டும் நிரந்தரக் கருவி. பிறகு மூன்று மாதம் ஆன், மூன்று மாதம் ஆஃப் என்று மாற்றி மாற்றி ஒரு வருஷம். எப்போது ஆன், எப்போது ஆஃப் என்று நோயாளிக்குத் தெரியாது. ஆன் காலத்தில் ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண் 10.6 குறைந்தது. ஆஃப் காலத்தில் 9.3 குறைந்தது. வித்தியாசம் 1.3. நடைமுறையில் ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் காக்ரேன் அமைப்பு 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இடுப்பு வலிக்கு இந்தக் கருவியை ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்த ஆதாரம் போதாது என்றது.

இதற்கு வலி நிபுணர்கள் பதில் சொல்லாமல் இல்லை. ஹாரா பயன்படுத்திய "பர்ஸ்ட்" அலை, சந்தையில் உள்ள அதே பெயர் அலை இல்லை. ஒரு வகை அலையை வைத்து எல்லாக் கருவியையும் ஒதுக்கக் கூடாது என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பல லட்சம் வாங்குகிறவர்களுடையது. வேறு அலை பலிக்கும் என்றால் அதே மாதிரி மறைத்து வைத்துச் சோதித்துக் காட்டட்டும்.

ஹாரா ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆஃப் காலத்தின் 9.3தான். மின்சாரமே இல்லாமல் அவ்வளவு பேர் அவ்வளவு தேறினார்கள். காலம் ஆற்றியது, கவனித்துக்கொள்ள ஒரு குழு இருந்தது, நம்பிக்கை இருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி குறைந்தது நிஜம். கருவிக்குத்தான் அந்தப் பெருமை சேராது.

மாத்திரையிலும் இதே கதை உண்டு. நம்ம பக்கம் கால் வலி என்றாலே பிரிகாபலின் எழுதுகிறார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதித்ததில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல் மட்டும் கூடுதல். ஆபரேஷன் ஆனவர்களுக்கென்று தனியாகச் செய்த ஆய்வு இல்லை அது, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை எழுப்புகிறது. (சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான்.) "ஸ்டெம் செல் ஊசி" விளம்பரங்களைப் பற்றி ஒரே வரி: ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு வெளியே அது இன்னும் ஆராய்ச்சி நிலைதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

கென்னடியும் டைகர் உட்ஸும்

இந்த விஷயத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு பிரபலத்தைக் காட்டுவார்கள். வேண்டாம் என்பவர்கள் கென்னடியைக் காட்டுவார்கள். 1944இல் டிஸ்க் ஆபரேஷன், பலன் இல்லை. 1954 அக்டோபரில் நியூயார்க்கில் உலோகத் தகடு வைத்து ஃபியூஷன். அவருக்கு அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இருந்ததால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தும் செய்துகொண்டார். தொற்று வந்து நினைவிழந்து, பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபம் சொல்லும் அளவுக்குப் போனது. 1955 பிப்ரவரியில் தகட்டை எடுத்தார்கள். 1957இல் அதே இடத்தில் சீழ். பிறகு வருஷக்கணக்கில் மரத்துப்போகும் ஊசிகள். கடைசியில், ஜனாதிபதி ஆன பிறகு 1961 அக்டோபரில், ஹான்ஸ் க்ராஸ் என்ற டாக்டர் வந்து வாரம் மூன்று முறை உடற்பயிற்சி ஆரம்பித்தார். அதில்தான் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

வேண்டும் என்பவர்கள் டைகர் உட்ஸைக் காட்டுவார்கள். 2014இலும் 2015இலும் மூன்று டிஸ்க் ஆபரேஷன், பலிக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஃபியூஷன். 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம். ஆபரேஷன் விளம்பரத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் விளம்பரம் 2019இல் நின்றுவிடுகிறது. 2020 டிசம்பர், 2024 செப்டம்பர், 2025 அக்டோபர் என்று முதுகு ஆபரேஷன்கள் தொடர்ந்தன. கடைசியாக வைத்தது இணைத்த இடத்துக்கு மேல் மட்டத்தில் ஒரு செயற்கை டிஸ்க்.

இரண்டு கதையும் உண்மை. இரண்டும் நமக்கு ஆதாரம் ஆகாது. ஒருத்தருக்கு அட்ரீனல் குறைபாடு, இன்னொருத்தர் உலகின் சிறந்த உடல் பயிற்சியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர். ஆனால் ஒரு ஒற்றுமை கவனிக்கத்தக்கது. இருவரின் கதையிலும் எந்த ஆபரேஷனும் "கடைசி ஆபரேஷன்" ஆகவில்லை.

முடிவெடுக்கும் முன்

முதலில், யோசிக்கவே நேரம் இல்லாத நிலைகள். சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடு போவதோ, மலத்துவாரத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது, ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சலோடு கடும் முதுகு வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆய்வுக் கட்டுரை படிக்க உட்காராதீர்கள். மேட்டூர்க்காரர்கள் சேலத்துக்கு அன்றைக்கே வண்டி ஏறுங்கள்.

மற்றபடி அவசரம் இல்லை. இரண்டாவது கருத்துக்குப் போகும்போது பழைய எம்ஆர்ஐ, புது எம்ஆர்ஐ இரண்டும் வேண்டும். அவற்றைவிட முக்கியம் முதல் ஆபரேஷனின் குறிப்பு. எந்த மட்டம், என்ன எடுத்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று அதில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. கூடவே ஒரு தாளில் உங்கள் வலியின் தேதிகள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, என் கணக்கில், இவ்வளவுதான்:

1. என் வலிக்குக் காரணம் என்ன? "ஆபரேஷன் தோற்றது" என்பதைத் தவிர வேறு வார்த்தையில்.
2. படம், வலி ஓடும் கோடு, பரிசோதனை மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகிறதா?
3. இந்த ஆபரேஷன் கால் வலிக்கா, இடுப்பு வலிக்கா?
4. என் வேலைக்கு நான் திரும்ப எவ்வளவு வாய்ப்பு?
5. ஆறு மாதம் முறையான பயிற்சி செய்துவிட்டு வந்தால் எதையாவது இழப்பேனா?
6. இதுவும் பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சமீரா கோஹ்லி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள், செய்யாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்கு "ஒன்றும் இழக்கமாட்டீங்க" என்று பதில் வந்தால், முறையான பயிற்சி சொல்லித்தரும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுவதுதான் அடுத்த வேலை. நிலத்தை அடமானம் வைக்கும் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.